தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கையும் வெளியேற்றமும்: மும்பை

உயிருக்கு உடனடி ஆபத்தில் இருக்கும் நோயாளியை எந்தக் கட்டத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுவருவது, எந்தக் கட்டத்தில் அங்கிருந்து வெளியே மாற்றுவது என்று தீர்மானிக்கும் நடைமுறை. பேச்சுவழக்கில் ஐசியு எனப்படும் இப்பிரிவில் மூச்சுக்கு வென்டிலேட்டர், சரியும் இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்துகள், சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் என்று, தளர்ந்துபோன உறுப்பின் வேலையைச் சில நாட்களுக்கு வெளியிலிருந்து செய்துகொடுக்க முடியும். நிமோனியாவைக் குணப்படுத்துவது ஆன்டிபயாடிக். அது வேலை செய்யும்வரை நுரையீரலுக்கு அவகாசம் வாங்கித் தருவது ஐசியு. அந்த அவகாசத்தால் பயன்பெறக்கூடியவர் யார், அதை அவர் விரும்புகிறாரா என்ற இரண்டு கேள்விகள்தாம் சேர்க்கைக்கும் வெளியேற்றத்துக்கும் அடிப்படை.

மும்பையில் இந்தக் கேள்விகளோடு வேறு பலவும் வந்து சேர்ந்துகொள்கின்றன: எங்கே படுக்கை காலி, யார் பணம் கட்டுவது, வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு டாக்டர் பேசும் மொழி புரிகிறதா. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து தாராவியில் வேர்விட்டவர்களும், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் ஒரே நகரத்தில் இருந்தாலும், ஐசியு வாசலை வெவ்வேறு வழிகளில்தான் வந்தடைகிறார்கள்.

தோற்றம்

1952 ஆகஸ்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ கடுமையாகப் பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத்தசை செயலிழந்தவர்களில் பெரும்பாலோர் இறந்துகொண்டிருந்தார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சென் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிடச் செய்து, குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தினார். அவள் பிழைத்தாள். அதன்பின் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் நோயாளிகளின் பைகளை அழுத்தினார்கள். இறப்பு பெரிதும் குறைந்தது. மறுஆண்டு இறுதியில் அதே நகரின் கொம்யூன் மருத்துவமனையில் இப்சென் தொடங்கிய பிரிவே உலகின் முதல் ஐசியுவாகப் பொதுவாகக் கருதப்படுகிறது.

கருவி வந்ததும், அதை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியும் பின்னாலேயே வந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1962-இல் தொடங்கிய செயற்கைச் சிறுநீரக மையத்தில் இடங்கள் மிகச் சில. யாரைச் சேர்ப்பது என்று முடிவுசெய்ய மருத்துவரல்லாதோர் பெரும்பாலும் அடங்கிய ஏழு பேர் குழு அமைக்கப்பட்டது. அவர்கள் நோயாளியின் வேலை, வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை, தேவாலயத்துக்குப் போகும் வழக்கம் வரை பார்த்தார்கள் என்பது அதே ஆண்டு ‘லைஃப்’ இதழில் வெளிவந்தபோது பெரும் விவாதம் எழுந்தது. உயிர்காக்கும் சிகிச்சையைப் பங்கிடும்போது ஒருவரின் சமூக மதிப்பை எடைபோடக் கூடாது என்ற கொள்கை வலுப்பெற்றதில் அந்த விவாதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தாராவியில் இருந்து வரும் ஒரு கூலித்தொழிலாளிக்கு அந்தக் கொள்கை மிக நேரடியான பாதுகாப்பு.

இந்தியாவில் இத்துறை வளர்ந்ததில் மும்பைக்குத் தனி இடம் உண்டு. ஜே.ஜே. மருத்துவமனையிலும் பிரீச் கேண்டியிலும் பணியாற்றிய ஃபரோக் உத்வாடியா இத்துறையின் முன்னோடிகளில் முதன்மையானவர். டெட்டனஸ் நோயாளிகளின் இறுகிய தசைகளை மருந்தால் தளர்த்தி, வென்டிலேட்டரில் வாரக்கணக்கில் காத்து மீட்கலாம் என்பதைக் காட்டியவர். அந்நோயைப் பற்றித் தனி நூலே எழுதியவர். இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 1993-இல் மும்பையில்தான் தொடங்கப்பட்டது. பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனையின் ஜிகீஷு திவாட்டியா முன்னின்று நடத்திய ஆய்வு, 2010-11-இல் நாடெங்கும் 120-க்கும் மேற்பட்ட ஐசியுக்களில் 4,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கணக்கெடுத்தது. அவர்களில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் ஐசியுவிலேயே இறந்தார்கள். பெரும்பாலோர் செலவைச் சொந்தக் கையிலிருந்து கட்டியவர்கள். நாட்டின் ஐசியுக்களில் யார் இருக்கிறார்கள் என்ற பெரிய சித்திரம் முதன்முதலில் அந்த ஆய்வில்தான் தெரிந்தது.

யாரைச் சேர்ப்பது

மத்தியச் சுகாதார அமைச்சகத்தின் கீழுள்ள சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம், 24 வல்லுநர்களைக் கொண்டு தயாரித்த வழிகாட்டியை 2023 டிசம்பரில் வெளியிட்டது. இது சட்டமன்று, ஆலோசனை. ஆயினும் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ ஒரு முடிவு கேள்விக்குள்ளாகும்போது எடுத்துப் பார்க்க இப்போது ஒரு பொது அளவுகோல் இருக்கிறது.

அதன்படி ஐசியு சேர்க்கைக்கு அடிப்படை நோயின் பெயரன்று. உறுப்பு செயலிழந்திருக்கிறதா, அதற்குத் தாங்கல் தேவையா, அல்லது சிறிது நேரத்தில் அப்படி ஆகக்கூடுமா என்பதே. புதிதாக நினைவு தடுமாறுதல், இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் நிலையாக நில்லாமை, மூச்சுக்குக் கருவி தேவைப்படுதல், கடும் நோயால் இடைவிடாத கண்காணிப்பு வேண்டியிருத்தல், பெரிய அறுவை சிகிச்சை அல்லது அறுவையின்போது நேர்ந்த சிக்கல் ஆகியவை இதில் அடங்கும். ஒரே டெங்கு காய்ச்சலில் ஒருவர் வார்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் கைகால் சில்லிட்டு, சிறுநீர் இறங்காமல் ஐசியுவுக்குப் போகவேண்டியிருக்கும். மும்பையில் மழைக்காலம் தொடங்கியதும் டெங்கு, மலேரியா, லெப்டோஸ்பைரோசிஸ் மூன்றும் சேர்ந்து படுக்கைகளை நிரப்பும் மாதங்களில் இந்த வேறுபாட்டைச் சரியாகக் காண்பதுதான் கேஷுவால்டி டாக்டரின் முதல் வேலை.

யாரைச் சேர்க்கக் கூடாது என்பதையும் அதே வழிகாட்டி சொல்கிறது. விவரம் அறிந்து நோயாளியோ, அவரால் முடியாதபோது நெருங்கிய உறவினரோ வேண்டாம் என்றால் சேர்க்கக் கூடாது. ஐசியு சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைத்தவரையும், சிகிச்சையை ஓர் அளவோடு நிறுத்துவது என ஏற்கெனவே முடிவானவரையும் சேர்க்கக் கூடாது. நோய் இறுதிக்கட்டத்தை எட்டி, இனித் தீவிர சிகிச்சையால் பயனில்லை என்று மருத்துவர்கள் கருதுபவரையும் சேர்க்க வேண்டியதில்லை. பெருந்தொற்று, பேரிடர் போன்ற நெருக்கடியில் முன்னுரிமை குறைந்தவர்களும் இப்பட்டியலில் வருகிறார்கள்.

நோயின் கடுமையை எண்ணால் அளக்கும் முறைகள் பல உண்டு. 1974-இல் கிளாஸ்கோவில் உருவான நினைவுநிலை அளவு 3-இலிருந்து 15 வரை செல்லும். 8 அல்லது அதற்குக் கீழ் இறங்கினால் நோயாளியால் தன் மூச்சுக்குழாயைக் காத்துக்கொள்ள முடியாது என்று எடுத்துக்கொண்டு குழாய் போடுவது வழக்கம். சோஃபா எனப்படும் அளவீடு ஆறு உறுப்பு மண்டலங்களுக்குத் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டு 24-க்குக் கணக்கிடும். 1985-இல் வந்த அப்பாச்சி-2 இன்னும் விரிவானது. ஆயிரம் நோயாளிகளில் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்பதை இவை ஓரளவு நன்றாகவே சொல்லும். கண்முன் கிடக்கும் இந்த ஒருவர் பிழைப்பாரா என்று கேட்டால் அவற்றுக்குப் பதில் கிடையாது. எனவே மதிப்பெண்ணை மட்டும் காட்டி ஒருவருக்குப் படுக்கை மறுப்பது தவறு.

தாராவியிலிருந்து சயான் வரை

தாராவியில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் குடும்பம் முதலில் பக்கத்துக் கிளினிக்குக்கோ, அறுபதடிச் சாலைப் பக்கத்து நர்சிங் ஹோமுக்கோ, சோட்டா சயான் என்று எல்லோரும் அழைக்கும் நகர்ப்புறச் சுகாதார மையத்துக்கோ ஓடும். அங்கிருந்து அனுப்பப்படுவது பெரும்பாலும் லோக்மான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனைக்கு. அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை; சயான் ஆஸ்பத்திரி என்றால்தான் தெரியும். 1947-இல் பழைய இராணுவக் கொட்டகைகளில் 50 படுக்கைகளுடன் தொடங்கி, 1964-இல் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து, இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகளோடு நிற்கிறது. தாராவி மட்டுமின்றி, லோக்கல் ரயிலில் அடிபட்டவர்களும், கிழக்கு விரைவுச் சாலை விபத்துகளும், குர்லா, செம்பூர், கோவண்டி நோயாளிகளும் அங்கேதான் வந்து சேருகிறார்கள். எத்தனை ஐசியு படுக்கை போட்டாலும் நிரம்பிவிடும் மருத்துவமனை அது.

படுக்கை காலி இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். நோயாளியின் வாயில் குழாய் போட்டாயிற்று, வென்டிலேட்டர் இல்லை. குழாயின் முனையில் ஆம்பு பை மாட்டி, அதை எப்படி அழுத்துவது என்று ரெசிடென்ட் டாக்டர் மகனுக்கோ மருமகனுக்கோ கற்றுக்கொடுப்பார். ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை அழுத்தி விட வேண்டும். மார்பு உயர்வதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டு வேகமாக அழுத்தக் கூடாது. அண்ணன் கை வலித்தால் தம்பி, தம்பி டீ குடிக்கப் போனால் மச்சான். இந்நாட்டின் நெரிசல் மிகுந்த பொது மருத்துவமனைகளில் இது நெடுங்காலமாக நடந்துவருகிறது. கோபன்ஹேகனில் மாணவர்கள் செய்ததை இங்கே பயிற்சியில்லாத குடும்பம் செய்கிறது. காப்பாற்ற வந்த கையில் உயிரின் முழுப் பொறுப்பையும் வைத்துவிடும் இந்த வழக்கம், நோயாளி இறந்துபோனால் அந்த மகனை ஆயுள் முழுக்கக் குற்ற உணர்வில் தள்ளிவிடும். ஐசியு படுக்கைப் பற்றாக்குறையின் விலையைக் கணக்கிடுவோர் இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

படுக்கைக்காகக் காத்திருக்கும் நோயாளியைக் கவனிக்காமல் விடக் கூடாது என்பதில் 2023 வழிகாட்டி தெளிவாக இருக்கிறது. இரத்த அழுத்தம், நாடி, மூச்சின் எண்ணிக்கையும் போக்கும், ஆக்சிஜன் அளவு, விரல்நுனியில் இரத்தம் திரும்பும் நேரம், சிறுநீர், நினைவுநிலை, காய்ச்சல், சர்க்கரை ஆகியவற்றைக் காத்திருக்கும் இடத்திலேயே பார்த்துவர வேண்டும். வேறு மருத்துவமனைக்கு அனுப்புவதானால் அதற்குமுன் மூச்சுவழியைக் காத்து, ஆக்சிஜனும் இரத்த அழுத்தமும் நிலைப்பட்டு, அவசர சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும். வலிப்புக்கு மருந்து, தொற்றுக்கு ஆன்டிபயாடிக், முறிந்த காலுக்குக் கட்டு ஆகியவை அங்கேயே தொடங்கப்பட வேண்டியவை. “பெட் இல்லை, வேறு எங்காவது போங்கள்” என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்கு இதில் இடமில்லை. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1989-இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில், அவசர நிலையில் வரும் எவருக்கும் சிகிச்சை தருவது அரசு, தனியார் மருத்துவர்கள் அனைவரின் கடமை என்றது உச்சநீதிமன்றம். ரயிலிலிருந்து விழுந்து, கொல்கத்தாவில் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் படுக்கை இல்லையென்று அலைக்கழிக்கப்பட்ட தொழிலாளி ஒருவரின் வழக்கில், 1996-இல், அரசிடம் பணமில்லை என்பது சாக்காகாது என்று தீர்ப்பளித்தது.

தனியார் மருத்துவமனைக்குப் போகும் குடும்பத்துக்கு முதல் கேள்வி டெபாசிட். மகாராஷ்டிரத்தில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்கிய திட்டத்தில் ஐசியு சிகிச்சை தேவைப்படும் நோய்கள் பலவற்றுக்கு இடமுண்டு. ரேஷன் கார்டும் ஆதாரும் கையில் இருக்க வேண்டும். இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது. அறக்கட்டளையாகப் பதிவான மருத்துவமனைகள் தங்கள் படுக்கைகளில் 10 விழுக்காட்டை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 விழுக்காட்டை நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும் என்பது பம்பாய் உயர்நீதிமன்றம் ஏற்ற திட்டம். நகரின் பெயர்பெற்ற பெரிய மருத்துவமனைகள் பல இதன்கீழ் வருகின்றன. அங்கே போனதும் மருத்துவ சமூக சேவகர் யார் என்று விசாரித்து, வருமானச் சான்றைக் காட்டிக் கேட்க வேண்டும். கேட்காதவருக்குத் தானாகக் கிடைக்கும் சலுகையன்று இது.

2020-21: படுக்கையை நகரமே பங்கிட்ட காலம்

2020 ஏப்ரல் 1-இல் தாராவியில் முதல் கொரோனா தொற்று உறுதியானது. அந்த நோயாளி அன்றே சயானில் இறந்தார். இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பரப்பில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் இடத்தில் என்ன ஆகுமோ என்று நாடே அஞ்சியது. வீடு வீடாகச் சென்று காய்ச்சலையும் ஆக்சிஜன் அளவையும் பார்த்து, தொற்று கண்டவரைப் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் தனிமைப்படுத்திய மாநகராட்சியின் வேலை பலன் தந்தது. ஜூலையில் உலகச் சுகாதார அமைப்பின் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகச் சொன்னார். இந்தக் கட்டுரைக்கு வேண்டிய செய்தி அதில் ஒன்றே: மூச்சு முட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பலர் ஐசியு வாசலுக்கே வரவேண்டியிருக்கவில்லை.

நகரம் முழுவதிலும் நிலைமை வேறாக இருந்தது. தொடக்கத்தில் படுக்கை தேடுவோர் எல்லோரும் 1916 என்ற ஒரே உதவி எண்ணை அழைத்து அல்லாடினார்கள். தெரிந்தவர் இருந்தால் படுக்கை கிடைக்கும் என்ற எண்ணம் பரவியது. அறிகுறியே இல்லாத, வசதியான சிலர் தனியார் மருத்துவமனைப் படுக்கைகளில் இருந்தார்கள். மூச்சுத் திணறியவர்கள் ஆம்புலன்ஸில் சுற்றினார்கள். 2020 மே மாதம் மாநில அரசு தனியார் படுக்கைகளில் 80 விழுக்காட்டைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக் கட்டண வரம்பும் விதித்தது: வார்டுக்கு நாளொன்றுக்கு 4,000 ரூபாய், வென்டிலேட்டர் இல்லாத ஐசியுவுக்கு 7,500, வென்டிலேட்டரோடு 9,000. ஜூனில் மாநகராட்சி ஆணையர் இக்பால் சிங் சஹல் படுக்கை ஒதுக்கீட்டை 24 வார்டு ‘வார் ரூம்’களுக்குப் பிரித்துக்கொடுத்தார். தாராவிக்கு ஜி வடக்கு, மாட்டுங்காவுக்கு எஃப் வடக்கு, செம்பூருக்கு எம் மேற்கு என்று அந்தந்த வார்டு அலுவலகமே அந்த வேலையைப் பார்த்தது. தொற்று உறுதியானவரைத் தொலைபேசியில் அழைத்து, தேவையானால் வீட்டுக்கு ஆளனுப்பி, ஆக்சிஜன் அளவைப் பார்த்து, வீட்டிலேயே இருக்கலாமா, ஆக்சிஜன் படுக்கையா, ஐசியுவா என்று முடிவுசெய்தார்கள். அறிகுறியற்றோருக்குப் படுக்கை தரக் கூடாது, இருப்போரை அனுப்பிவிட வேண்டும் என்று தனியார் மருத்துவமனைகளுக்கு உத்தரவு போனது.

உலகின் பல நகரங்களில் மருத்துவமனைக்குள் மருத்துவர் தனியாகச் சுமந்த முடிவை, இங்கே அவரது கையிலிருந்து ஓரளவு எடுத்து ஓர் அமைப்பின் கையில் கொடுத்தார்கள். மும்பை அந்தக் காலத்தில் செய்தவற்றில் மிகச் சிறந்தது இதுவே என்பது என் கருத்து. குறைகள் இருந்தன, இரண்டாம் அலையின் உச்சத்தில் வார் ரூம் எண்கள் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தன. ஆனாலும் வரிசை என்று ஒன்று இருந்தது. 2021 ஏப்ரல் நடுவில் ஆறு மாநகராட்சி மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்துவரும் நிலை ஏற்பட்டபோது, ஒரே இரவில் 168 நோயாளிகளை ஆம்புலன்ஸ்களில் வேறு மையங்களுக்கு மாற்ற முடிந்ததற்கும் எங்கே எத்தனை படுக்கை என்ற கணக்கு கையில் இருந்ததே காரணம். அடுத்த மாதம் உச்சநீதிமன்றம் மும்பையின் ஏற்பாட்டைப் பிற நகரங்கள் பார்த்துக் கற்கலாம் என்ற பொருளில் பாராட்டியது.

நெருக்கடியில் படுக்கையைப் பங்கிடுவதற்கு வெளிப்படையான, எழுத்துப்பூர்வமான, நியாயமான, எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருந்தும் விதி இருக்க வேண்டும் என்று 2023 வழிகாட்டி சொல்வது இந்த அனுபவத்துக்குப் பிறகுதான். விதி எழுதப்படாத இடத்தில் சிபாரிசு நுழையும். சிபாரிசு இல்லாதவர் முதலில் தோற்பார்.

தேறி வெளியேறுதல்

உடல்நிலை தன் பழைய நிலைக்கு அருகில் திரும்பி, எதற்காக ஐசியு வந்தாரோ அந்தக் கோளாறு அடங்கி நிலைப்பட்டால் நோயாளியை வார்டுக்கு மாற்றலாம். சொல்வதற்கு எளிது. வென்டிலேட்டரிலிருந்து ஒருவரை விடுவிப்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். காலையில் மயக்க மருந்தைக் குறைத்து அவரை விழிக்கவைப்பார்கள். கண்ணைத் திறந்து, சொன்னபடி கையைப் பிடிக்கிறார் என்றால், கருவியின் உதவியை மிகக் குறைத்து அரைமணியிலிருந்து இரண்டு மணிநேரம் தானாக மூச்சுவிடச் சொல்வார்கள். நிமிடத்துக்கு 28 மூச்சு, ஒவ்வொரு மூச்சிலும் 350 மில்லி காற்று என்றால், 28-ஐ 0.35 லிட்டரால் வகுக்க 80 வரும். வரம்பு 105; அதற்குக் கீழே இருப்பதால் நம்பிக்கை உண்டு. எண் நன்றாக இருந்தும், நெற்றியில் வியர்வை அரும்பி, கழுத்துத் தசை இழுத்தால் அனுபவமுள்ள சிஸ்டர் “டாக்டர், இன்னிக்கு வேண்டாம்” என்பார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாக இருக்கும். இருமிச் சளியை வெளியே தள்ளும் தெம்பும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே குழாயை எடுப்பார்கள்.

அவசரப்பட்டு வெளியேற்றினால் நோயாளி திரும்பி வருவார். 48 மணிநேரத்துக்குள் மீண்டும் ஐசியுவுக்கு வருபவர்களின் விகிதத்தை ஒரு பிரிவின் தர அளவாகவே கொள்கிறார்கள். இரவில் மாற்றப்படுபவர்களுக்குப் பகலில் மாற்றப்படுபவர்களைவிட இறப்பு அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. புதிய நோயாளிக்கு இடம் வேண்டும் என்பதற்காக நடுராத்திரி ஒருவரை வார்டுக்குத் தள்ளும்போது அங்கே ஒரு சிஸ்டர் நாற்பது பேரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஐசியுவுக்கும் வார்டுக்கும் இடைப்பட்ட, ஹெச்டியு எனப்படும் படிநிலைப் பிரிவு இதற்காகத்தான். பொது மருத்துவமனைகளில் அது பெருகினால் ஐசியு நெரிசல் குறையும் என்று மருத்துவர்களே சொல்லக் கேட்கலாம்.

தாமதமும் தீங்கு செய்யும். தேவைக்கு மேல் ஐசியுவில் வைத்திருந்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் தொற்றும், தசை கரையும், நாள் தெரியாமல் மனம் குழம்பும். தனியார் மருத்துவமனையில் பில்லும் ஏறும். தேறிய நோயாளியைக் கட்டணத்துக்காக நிறுத்திவைப்பதும், உடலையோ ஆளையோ பில்லுக்காகப் பிடித்துவைப்பதும் நோயாளி உரிமைச் சாசனத்துக்கு விரோதம்.

கையெழுத்துப் போட்டு அழைத்துப் போதல்

மருத்துவ அறிவுரைக்கு மாறாக வெளியேறுதலை மும்பை ஆஸ்பத்திரிகளில் ‘டாமா’ என்பார்கள். “எங்க சொந்தப் பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்” என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இதில் இரண்டு வகைக் குடும்பங்களைக் காணலாம். கையிருப்பும் நகையும் தீர்ந்து, பிழைக்கக்கூடியவரையே கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒரு வகை. இனிப் பிழைக்கமாட்டார் என்று புரிந்து, கடைசி மூச்சு வீட்டில் போகட்டும், அல்லது ஊர் மண்ணில் போகட்டும் என்று அழைத்துப் போகிறவர்கள் இன்னொரு வகை. ஒரே படிவத்தில் இரண்டும் அடங்கிவிடுவதுதான் கொடுமை. முதல் வகையினரைப் பொது மருத்துவமனைக்கோ அரசுத் திட்டத்துக்கோ வழிகாட்டி அனுப்புவது மருத்துவமனையின் கடமை. பயனின்மையைக் காரணம் காட்டி வெளியேற்றும் முடிவு மருத்துவ முடிவாக இருக்க வேண்டுமே தவிரப் பொருளாதார முடிவாக இருக்கக் கூடாது என்று வழிகாட்டியும் சொல்கிறது. இரண்டாம் வகையினருக்கு வேண்டியது வலி, மூச்சுத்திணறல் தெரியாமல் காக்கும் மருந்தும், வழிநெடுகத் துணையும். சட்டத்துக்கு அஞ்சி மருத்துவர்கள் அந்தப் பொறுப்பைக் கையெழுத்தின் பின்னால் விட்டுவிட்ட காலம் நீண்டது.

சட்டத்தின் பாதை

அந்தச் சட்டம் தெளிவுபெற்ற கதையின் தொடக்கமும் மும்பையே. பரேலின் கே.ஈ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பர் 27-இல் பணியிடத்திலேயே கொடூரமாகத் தாக்கப்பட்டு மூளை பாதித்தார். ஏறத்தாழ 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையில் சக செவிலியர்கள் அவரை ஊட்டி, குளிப்பாட்டிக் காத்தார்கள். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தக் கோரி எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கை 2011 மார்ச் 7-இல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது; அதே தீர்ப்பில், உயிர்தாங்கும் சிகிச்சையை விலக்குவதை உயர்நீதிமன்ற அனுமதியோடு செய்யலாம் என்றும் வழி திறந்தது. 2015 மே 18-இல், நிமோனியா கண்டு ஐசியுவில் வென்டிலேட்டரில் இருந்த நிலையில் அருணா இறந்தார்.

2018 மார்ச் 9-இல் காமன் காஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பது வாழும் உரிமையின் பகுதி என்றும், முன்கூட்டிய மருத்துவ உயில் செல்லும் என்றும் சொன்னது. அப்போது விதித்த நடைமுறை எவராலும் பின்பற்ற முடியாத அளவு சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். இப்போது உயிலில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட, நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். சிகிச்சையை விலக்குவதற்கு மூன்று மருத்துவர்கள் கொண்ட முதல் குழுவும், மூன்று பேர் கொண்ட இரண்டாம் குழுவும் இயன்றவரை 48 மணிநேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். உயிலை வாங்கிப் பாதுகாக்க உள்ளாட்சியில் ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்ற விதி ஏட்டளவில் கிடந்தபோது, மும்பை மகப்பேறு மருத்துவர் நிகில் தாதர் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். அதன் விளைவாக மாநகராட்சியும் மாநிலத்தின் பிற உள்ளாட்சிகளும் அத்தகைய அலுவலர்களை நியமித்தன. 2024 செப்டம்பரில் மத்தியச் சுகாதார இயக்குநரகம் சிகிச்சை விலக்கல் குறித்து வரைவு வழிகாட்டியையும் வெளியிட்டது. மூளைத்தண்டு இறப்பு இவற்றிலிருந்து வேறுபட்டது: அதை 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி மருத்துவர் குழு உறுதிசெய்கிறது.

இந்த உயிலை எழுதுவதில் மாட்டுங்கா, செம்பூர் முதியவர்கள் முந்திக்கொள்வது நல்லது என்பேன். அவர்களில் பலரின் பிள்ளைகள் வெளிநாட்டில். ஐசியு வாசலில் எண்பது வயது மாமி தனியாக நிற்க, ஒரு மகன் வீடியோ காலில் எல்லாவற்றையும் செய்யச் சொல்வார். உடனிருந்து பார்க்கும் மகள், அப்பா போதும் என்று சொன்னதை நினைத்து வாய்திறக்க முடியாமல் அழுவாள். அப்பாவின் கையெழுத்தில் ஒரு தாள் இருந்தால் அந்தச் சண்டை வீட்டுக்குள் வராது.

குடும்பத்தோடு பேசுதல்

சேர்க்கும்போதே ஒரு கெடு வைத்துப் பேசுவது இப்போது பரவிவரும் நல்ல வழக்கம். “மூன்று நாள் வென்டிலேட்டரில் வைத்துப் பார்ப்போம். சிறுநீர் இறங்கி, பிரஷர் மருந்து குறைந்தால் தொடர்வோம். இல்லையென்றால் மறுபடி உட்கார்ந்து பேசுவோம்” என்று முதல் நாளே சொல்லிவிட்டால், நான்காம் நாள் பேச்சு திடீர் அடியாக விழாது. தாராவியின் தமிழ்க் குடும்பங்களில் இந்தி பேசத் தெரிந்தவர்கள் நிறைய. ஆனால் கடைபேச்சு இந்தி வேறு, “கிட்னி திரும்பினாலும் நினைவு திரும்பாமல் போகலாம்” என்பதைப் புரிந்துகொள்ளும் இந்தி வேறு. பெரும்பாலும் பள்ளியில் படிக்கும் பேத்தியை மொழிபெயர்க்கச் சொல்வார்கள். தாத்தா சாகப்போகிறார் என்ற செய்தியைப் பாட்டிக்குச் சொல்லும் வேலையை ஒரு சிறுமியிடம் தரக் கூடாது. தமிழ் தெரிந்த செவிலியரோ சமூக சேவகரோ மும்பையின் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் தேடினால் கிடைப்பார். ஒரு போன் போட்டு அவரை வரவழைப்பது ஐசியுவின் வேலையில் சேர்ந்தது.

வீட்டுக்குப் போன பிறகு

ஐசியுவில் பல நாள் இருந்து மீண்டவருக்கு மாதக்கணக்கில் தளர்ச்சி, தூக்கமின்மை, மறதி, திடுக்கிடல் இருக்கும். சிலர் கழுத்தில் துளைக்குழாயோடும் மூக்கில் உணவுக்குழாயோடும் வீடு திரும்புவார்கள். தாராவியின் பத்துக்குப் பத்து அறையில் மேல்தட்டுக்கு ஏணிதான் வழி; மாட்டுங்காவின் பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை. எனவே வெளியேற்றும் நாளை முடிவுசெய்வதற்கு முன், கட்டில் போட இடம் உண்டா, ஆக்சிஜன் கருவிக்கும் சளி உறிஞ்சும் கருவிக்கும் பிளக் பாயின்ட் உண்டா, மின்சாரம் போனால் என்ன மாற்று, யார் உடனிருப்பார் என்று கேட்க வேண்டும். பார்த்துக்கொள்ளப் போகிறவரை இரண்டு நாள் வார்டில் இருக்கச் செய்து, குழாயில் சளி எடுப்பது, உணவு ஊற்றும்போது தலைமாட்டை உயர்த்துவது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுவது ஆகியவற்றை அவர் கையாலேயே செய்யவைத்துப் பார்க்க வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் எந்த எண்ணை அழைப்பது என்பதையும், 108 ஆம்புலன்ஸ் நிற்கக்கூடிய சாலைமுனைக்கு நோயாளியை யார் தூக்கி வருவார்கள் என்பதையும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தர வேண்டும்.